அக்கா ஏறாத படகு

1

போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. வகுப்போடு மூன்று நாள் கடற்கரைக்குப் போகிறார்களாம். அதில் ஒரு நாள் பிள்ளைகளைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போவார்கள். சம்மதம் என்று தகப்பன் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த நாட்டில் எதற்கும் ஒரு தாள் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாள். மதியச் சாப்பாட்டில் கறி வேண்டாம் என்றால் தாள். எனக்குப் பிரெஞ்சு எழுத்துக்கூட்ட வரும், அர்த்தம் வராது. மகள் நிவேதா படித்துச் சொல்வாள், நான் கையெழுத்துப் போடுவேன். வந்து மூன்று வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

நாங்கள் இருப்பது பாரிசுக்கு வெளியே. எனக்கு மீன் கடையில் வேலை. என் மனைவி சாந்தியின் அப்பா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்தக் குடியுரிமை சாந்திக்கு வந்தது. அவள் வழியாக எனக்கு விசா வந்தது. 2009இல் கிளம்பினோம். நிவேதாவுக்கு அப்போது எட்டு வயது.

அன்றைக்குக் கடையிலிருந்து வந்து, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடும்போது நிவேதா கேட்டாள்.

"அப்பா, பொண்ணுங்க படகுல ஏறலாமா?"

"ஏன் கேக்குற?"

"ஊர்ல நீ என்னை எறக்கி வுட்ட. நான் அழுதேன். பொம்பளப் புள்ள ஏறக் கூடாதுன்னு சொன்ன."

"அது மீன்பிடிப் படகு. இது வேற."

"கடலும் வேறயா?"

அவளுக்குத் தமிழ் குறைந்துகொண்டே வருகிறது. பாதி வாக்கியத்தில் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவாள். இதை மட்டும் பிசகில்லாமல் கேட்டாள். நான் தாளை மடித்து அவள் பைக்குள் வைத்தேன்.

நம் ஊர் நற்பணி மன்றத்து மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். பனி எப்படி விழுகிறது, ரயில் எப்படி ஓடுகிறது என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயர் போடவில்லை. உங்களுக்குத் தெரியும்.

2

என் அக்கா பெயர் தனலட்சுமி. வீட்டில் தனம். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். கடலூருக்குத் தெற்கே நம் குப்பத்தில் முதலில் காலேஜுக்குப் போன பெண். கடலுக்கு அடியில் மண்ணுக்குள் வாழும் புழுக்களைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கினாள். வலை பிரிக்கிற இடத்தில் அவளுக்குப் "புழு டாக்டர்" என்று பெயர் வைத்தார்கள். "ஒங்கக்கா ஊசி போடறது புழுவுக்கா, மனுசனுக்கா?" என்று என்னைக் கேட்பார்கள். நானும் சிரிப்பேன்.

சிதம்பரம் போகும் வழியில் ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு அது பல்கலைக்கழகம் என்று பலகை மாட்டிக்கொண்டது. பெயர் வேண்டாம். சிதம்பரம் என்றதும் ஞாபகம் வருகிற அந்தப் பழைய பெரிய பல்கலைக்கழகம் இல்லை, இது வேறு. அங்கே கடல் ஆய்வு மையம் என்று ஒன்று. ஆரம்பித்தபோது இரண்டு அறை, ஒரு ஐஸ் பெட்டி, அக்கா. அவ்வளவுதான் இருந்தது.

படிக்காதவர்களுக்கும் புரிய ஒன்று சொல்கிறேன். அங்கே முதலில் லெக்சரர். அடுத்தது ரீடர். அதற்கு மேல் புரொபசர். புரொபசர் ஆனால்தான் மையத்துக்கு இயக்குநர் ஆகலாம். 2004இல் அக்கா ரீடர். ரீடராகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

மையத்து வராந்தாவில் இதுவரை இருந்த இயக்குநர்களின் படம் மாட்டியிருக்கும். நான் ஆராய்ச்சிக்கு மீன் கொண்டுபோகும்போதெல்லாம் அதன் கீழேதான் நிற்பேன். நான்கு படம். நான்கு பேரும் ஆண்கள். அதில் ஒருவர் கெமிஸ்ட்ரிக்காரர். கடல் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. அவர் வெளிநாடு போன ஐந்து மாதம் அக்காவுக்கு "பொறுப்பு" கொடுத்தார்கள். பொறுப்பு என்றால் வேலை எல்லாம் உண்டு, அந்த அறையில் உட்காரக் கூடாது. ஃபைல்கள் அக்காவின் சின்ன அறைக்கு வரும். அவர் திரும்பி வந்ததும் ஃபைல்கள் திரும்பிப் போயின.

பெண்கள் விடுதி வார்டன் வேலை அக்காவுக்குப் பதினோரு வருஷம். யாராவது பெரியவர் வருகிறார் என்றால் வரவேற்புக் கமிட்டி. சந்தனக் கிண்ணம், ரோஜாப்பூ, மதியச் சாப்பாடு.

"டாக்டர் பட்டம் வாங்கி, பந்தி வெக்கிறியாக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நான் பந்தி வெக்கிறப்ப மத்தவன் பேப்பர் எழுதுறான்டா," என்றாள்.

3

2004 கடைசியில் அலை வந்தது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அடுத்த வருஷம் நிவாரணத்தில் எனக்கு ஒரு ஃபைபர் படகு வந்தது.

அலைக்குப் பிறகு கடலடி எப்படி மாறியிருக்கிறது என்று மூன்று வருஷம் பார்க்க அக்கா ஒரு திட்டம் எழுதினாள். நம் கரையிலிருந்து நேர் கிழக்கே ஆறு இடம். மாதம் ஒரு தடவை போய் மண் எடுக்க வேண்டும். டெல்லி வரை போய் அனுமதி வந்தது, அக்கா பெயரில். புரொபசர் ஆக இது ஒன்று போதும் என்று மையத்தில் எல்லாரும் சொன்னார்கள்.

அக்கா கடலூரிலிருந்து என் வீட்டுக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரர் தாலுக்கா ஆபீசில் வேலை, அவர்கள் குடியிருப்பது மஞ்சக்குப்பத்தில்.

"ஒம் படகத்தான்டா எடுத்துக்கப் போறேன். மாசம் ஒரு நாள். நானும் வருவேன்."

"நீ எதுக்குக்கா? எடம் சொல்லு, நான் மண்ண எடுத்தாறேன்."

"வெண்டக்கா பறிக்கிற வேலையாடா இது? மண்ணு மேல வந்த ஒடனே பாக்கணும். நெறம் மாறிடும். வாசன போயிடும்."

"பொம்பள ஏறுனா ஊரு ஒத்துக்காது."

"போன மாசம் அந்த ஆபீசரம்மா வந்தாங்களே. நீங்கதான கையப் புடிச்சி ஏத்துனீங்க?"

உண்மைதான். நிவாரணப் படகுகளைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தார். என் படகில்தான் ஏற்றினோம். முகத்துவாரம் வரை ஒரு சுற்றுப் போய் வந்தார்.

"அவங்க ஆபீசரு. நீ ஊருப் பொண்ணு."

"சரி. நாட்டாருங்ககிட்ட கேட்டுச் சொல்லு."

ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்களைத்தான் நாட்டார் என்போம். பெண்கள் அந்தக் கூட்டத்தில் போய் நின்று கேட்பது இல்லை. அதனால் என்னிடம் சொன்னாள்.

நான் கேட்கவில்லை. நான்கு நாள் கழித்துப் போன் செய்து, கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள் என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. இங்கே மீன் வெட்டும்போது யோசிக்க நேரம் இருக்கிறது. படகில் நான் சொன்னால் நிற்கும், நான் சொன்னால் திரும்பும். அக்கா ஏறினால் எங்கே நிறுத்துவது, எப்போது திரும்புவது எல்லாம் அவள் சொல்வாள். என்னோடு கடலுக்கு வரும் மச்சான் சேகர் பார்த்துக்கொண்டிருப்பான். அதுதான். சாமி குற்றம், கடல் குற்றம் எதுவும் என் மனதில் இல்லை.

4

அக்காவுக்குப் பதிலாக முரளி சார் வந்தார். மையத்தில் அக்காவுக்குப் பதின்மூன்று வருஷம் பின்னால் சேர்ந்தவர். திட்டக்குடிப் பக்கம் கரும்பு விவசாயக் குடும்பம். வேலைக்கு வந்த பிறகுதான் கடலைக் கிட்டத்தில் பார்த்தேன் என்று அவரே சொல்வார். நல்ல மனிதர். படகில் ஏறினால் அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்து, முன்பக்கம் அணியத்தில் சுருண்டு படுத்துவிடுவார்.

சேகருக்கு அது தமாஷ். "சார், இன்னிக்கி இட்லியா பொங்கலா? முன்னாடியே சொன்னீங்கன்னா மீனுங்களுக்குத் தகவல் குடுத்துடுவேன்."

"சேகரு, உனக்குப் புண்ணியமா போவுது, பேசாதய்யா," என்பார் முரளி சார், கண்ணைத் திறக்காமல்.

மண்ணைக் கவ்வி எடுக்கிற இரும்பு வாளியை நானும் சேகரும் இறக்குவோம். எந்த இடம், எவ்வளவு கயிறு, எத்தனை தடவை என்று அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருப்பாள். மண் மேலே வந்ததும் நிறம் என்ன, நாற்றம் என்ன, சிப்பித்தூள் உண்டா என்று கரையில் நிற்கும் அக்காவுக்குப் போனில் சொல்வேன். சிக்னல் இல்லாத இடத்தில் மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்வேன்.

அக்கா வெயிலில் குடையோடு நிற்பாள். படகு வந்ததும் முட்டி வரை தண்ணீரில் இறங்கி வாளிகளை வாங்குவாள். மணலில் உட்கார்ந்து சல்லடையில் மண்ணைக் கழுவுவாள். மீன் எடுக்க வந்த பெண்கள் சுற்றி நிற்பார்கள்.

"தனம், இத்தினி பேரு மீனுக்கு அடிச்சிக்கிறோம், நீ சேத்துக்கு அடிச்சிக்கிற."

"ஒங்களுக்குப் போட்டி இல்லாம இருக்கட்டுமேன்னுதான்."

அக்கா ஒரு பயணத் தாள் அச்சடித்திருந்தாள். தேதி, இடம், படகில் ஏறியவர் பெயர், கையெழுத்து. படகு உரிமையாளர் என்ற இடத்தில் நான் போடுவேன். ஏறியவர் என்ற இடத்தில் முரளி சார் போடுவார்.

"ஒம் பேரையும் எழுதிக்கக்கா. யாரு வந்து பாக்கப் போறா?" என்று ஒரு தடவை சொன்னேன்.

"ஏறாத படகுல ஏறுனேன்னு எழுத மாட்டேன்."

மூன்று வருஷம். மழை மாதங்கள் போக முப்பத்தொரு தாள். ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. மையத்தில் அதையெல்லாம் ஒழுங்காக ஃபைல் போட்டு வைத்தவளும் அவள்தான்.

5

நடுவில் ஒன்று. இங்கே வந்த இரண்டாவது வருஷம் தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் போனோம். வெளியில் வரிசை, உள்ளே வரிசை. கடைசியில் ஒரு அறைக்குள் விட்டார்கள். மேசையில் ஒரு பெண் இருந்தாள். ஒரு தாள் குறைகிறது, போய்விட்டு அடுத்த மாதம் வா என்றாள். எனக்குக் கோபம். தெரிந்த பிரெஞ்சில், பெரியவரைப் பார்க்கணும் என்றேன்.

"நான்தான்," என்றாள்.

வெளியே வந்ததும் சாந்தி பிடித்துக்கொண்டாள். "அந்தம்மா மேசை மேலயே எழுதி வச்சிருக்கு, பெரிய எழுத்துல. கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

நான் எழுத்தைப் பார்க்கவில்லை. பொம்பளை என்று பார்த்தேன், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இதனால் இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். எங்கள் கடையில் கல்லாவில் பெண்கள், பொட்டலம் கட்டுவது பெண்கள். மேனேஜர் மூன்று பேர், மூவரும் ஆண்கள். ஒருத்தி பதினேழு வருஷமாகக் கல்லாவிலேயே இருக்கிறாள். அவளைப் பார்த்தால் எனக்கு அக்கா ஞாபகம்.

6

2008இல் புரொபசர் பதவிக்கு ஆள் எடுத்தார்கள். புரொபசர் ஆகிறவரே அடுத்த இயக்குநர். மனுப் போட்டவர்கள் இரண்டு பேர், அக்காவும் முரளி சாரும். அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

கமிட்டி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பல்கலைக்கழக ஆபீசிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு, உங்கள் ஊர் நண்டு கிடைக்குமா மேடம் என்று.

"இன்டர்வியூ ஒனக்கு. சாப்பாடும் நீயே பாக்கணுமா? முரளி சாரக் கேக்கச் சொல்லு," என்றேன்.

"முரளிக்கு நண்டப் பத்தி என்னா தெரியும்? கொண்டாடா. எப்பவும் பண்றதுதான."

ஐஸ் பெட்டியில் நண்டும் வஞ்சிரமும் எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். வராந்தாவில் அந்த நான்கு படத்துக்கும் கீழே இரண்டு நாற்காலி. ஒன்றில் அக்கா, மடியில் ஃபைல். இன்னொன்றில் முரளி சார், கழுத்தில் டை.

"என்ன ஏழுமலை, நண்டு உசுரோட இருக்கா?"

"இருக்கு சார். நீங்க எப்பிடி இருக்கீங்க?"

"வயித்தக் கலக்குதுய்யா. உம் படகுல ஏறுன மாதிரி இருக்கு."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

பெட்டியைக் கேன்டீனில் இறக்கினேன். சமையல் மாஸ்டர் என்னைப் பார்த்து, "தனம் மேடம் தம்பியா? மேடத்த ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்க. கமிட்டிக்குக் காரம் எவ்ளோ போடறதுன்னு கேக்கணும்," என்றார்.

போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்கா ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள். கரண்டியில் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். "மெளகு தூக்கலா இருக்கு, தேங்காப்பால் வுடுங்க," என்றாள். கை கழுவினாள். வராந்தாவுக்குத் திரும்பிய உடனே உள்ளே கூப்பிட்டார்கள். அவள் கையில் நண்டு வாசனை போயிருக்காது. உள்ளே இருந்த ஐந்து பேரும் ஆண்கள்.

7

சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். கடலூர் ஓ.டி.யில், பழைய டவுனில், இறங்கி டீக்கடையில் நின்றபோது சொன்னாள்.

"ஆராய்ச்சிய பத்திக் கேட்டதுக்கு நல்லாத்தான்டா சொன்னேன். அப்பறம் ஒருத்தர், வீட்டுக்காரர் கடலூர்ல இருக்காரே, டைரக்டர்னா எந்நேரமும் கூப்புடுவோம், வர முடியுமான்னாரு. வெளிய வந்து முரளியக் கேட்டேன். அவன அப்பிடிக் கேக்கலியாம். அவன் பொண்டாட்டி புள்ள சென்னையில. வெள்ளிக்கெழம மத்தியானமே ஓடிருவான்."

"அப்பறம்?"

"பயணத் தாள எடுத்து வச்சாங்க. முப்பத்தொண்ணு. ஒண்ணுலகூட ஒங்க பேரு இல்லியே மேடம், கடலுக்கே போவாம கடல் மையத்த எப்பிடி நடத்துவீங்கன்னாங்க. ஊரு வழக்கம் சார், பொம்பளய ஏத்த மாட்டாங்க, கேட்டும் முடியாதுன்னுட்டாங்கன்னேன். சிரிச்சாங்கடா. ஒரு குப்பத்தையே சம்மதிக்க வெக்க முடியல, நூறு பேர எப்பிடிம்மா சமாளிப்பீங்கன்னாரு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டாள்.

முரளி சாரையும் கேட்டிருக்கிறார்கள், மேடம் ஒரு தடவையாவது வந்தாரா என்று. இல்லை என்று உண்மையைச் சொன்னார். திட்டம் யாருடையது என்று கேட்கவில்லை. கேட்காததை அவரும் சொல்லவில்லை.

பதினைந்து நாளில் முடிவு வந்தது. முரளி சார். அக்காவின் அறைக்கு வந்து கதவோரம் நின்றாராம். "மேடம், உங்களப் பாக்க எனக்கு மூஞ்சி இல்ல மேடம்." அக்கா, "உக்காரு முரளி," என்றாளாம். அடுத்த வாரத்திலிருந்து அவள் லீவு வேண்டுமென்றால் அவருக்கு எழுத வேண்டும்.

அதற்கும் அடுத்த வாரம் அக்கா என்னிடம் வந்தாள். மேலே முறையீடு போடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நாட்டாருகிட்ட ஒரு கடுதாசி வாங்கிக் குடுடா. நான் கேட்டேன், ஊரு வழக்கத்தால ஏத்தலன்னு நாலு வரி. அது போதும். எங் குத்தம் இல்லன்னு ஆயிடும்."

நாட்டார் எப்படிக் கொடுப்பார்? அவரை யாரும் கேட்கவே இல்லையே. கேட்கப் போனால் என் பொய் வெளியில் வரும்.

"ஊரப் பத்தி வெளியில எழுதித் தர மாட்டாங்கக்கா," என்றேன்.

"நீ படகுக்காரன். நீ எழுதிக் குடு."

"விசாவுக்குப் போலீஸ் சர்டிபிகேட் வாங்கற நேரம். வம்பு வேணாம்க்கா."

அக்கா சாந்தியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். அந்த வருஷத்திலிருந்து ஊர்த் திருவிழாவுக்கு அவள் வரவில்லை. முறையீடு போடவில்லை. கையில் காகிதம் இல்லாமல் எதை வைத்துப் போடுவாள்?

விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்தாள். நிவேதாவுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தாள்.

8

இந்த வருஷம் முரளி சார் இன்னும் பெரிய பதவிக்குப் போய்விட்டார். இயக்குநர் இடம் காலி. அக்காவுக்கு ஐம்பத்தாறு. ஐம்பத்தெட்டில் ஓய்வு. மறுபடியும் மனுப் போட்டிருக்கிறேன், இதுதான் கடைசி என்று போனில் சொன்னாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரத்தில்தான் பள்ளிக்கூடத் தாள் வந்தது.

நிவேதா கடலுக்குப் போய் வந்தாள். அம்மாவிடம் பிரெஞ்சில் ஒரு மணி நேரம் சொன்னாள். அலை உயரத்தைக் கையால் காட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாந்தி எடுத்தியா?" என்று தமிழில் கேட்டேன்.

"இல்ல. ரெண்டு பசங்க எடுத்தாங்க. நான் இல்ல." திரும்பவும் அம்மாவிடம் பிரெஞ்சு.

மறுநாள் எனக்கு விடுமுறை. ஊருக்குப் போன் செய்து நாட்டாராக இருந்த கலியமூர்த்தி மாமாவைப் பிடித்தேன். குளிர் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகு நான் கேட்டேன்.

"மாமா, 2005ல எங்கக்காவ ஆராய்ச்சிக்குப் படகுல ஏத்தலாமான்னு கேட்டிருந்தா, ஏத்த வுட்டிருப்பீங்களா?"

"யாரு, புழு டாக்டரயா? நீ கேக்கலியேப்பா."

"கேட்டிருந்தா?"

"நாலு பேரு குதிச்சிருப்பான். நாலு பேரு, ஆபீசரம்மா மட்டும் ஏறலாமான்னு கேட்டிருப்பான். இப்ப எப்பிடிச் சொல்றது? நீ கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இத்தினி வருசம் கழிச்சி எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான் மாமா."

போனை வைத்துவிட்டு நிவேதாவின் நோட்டில் ஒரு பக்கம் கிழித்தேன். நான் எழுதியது இது.

"படகு உரிமையாளர் ஏழுமலை எழுதுவது. 2005 முதல் 2008 வரை என் படகில் ஆய்வு நடந்தது. திட்டம், இடம், முறை எல்லாம் டாக்டர் தனலட்சுமி சொன்னபடி. கூட வந்த முரளி சார் பல நாள் உடம்பு முடியாமல் படுத்திருந்தார், மண் எடுத்தது நானும் சேகரும். டாக்டர் தனலட்சுமி படகில் வருகிறேன் என்று கேட்டார். நான் ஏற்றவில்லை. ஊர் மறுத்தது என்று அவரிடம் சொன்னேன். அது பொய். ஊரை நான் கேட்கவில்லை. தடுத்தது நான் ஒருவன். அவர் மேல் தவறு இல்லை."

பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் ஆபீசில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். காகிதம் என்று எழுதினேன்.

9

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான் கூப்பிட்டால் அக்கா எடுக்கவில்லை. போன ஞாயிறு மதியம் அவளே கூப்பிட்டாள்.

"கடுதாசி வந்துச்சுடா."

"இன்டர்வியூ?"

"ஆச்சு. வேற அஞ்சு பேரு, அதே கேள்வி. வெளியேருந்து ஒருத்தர் டைரக்டரா வர்றாராம். நாப்பத்தி நாலு வயசு."

"நான் அனுப்புனது?"

"ஃபைல்ல வெக்கலடா. கூடப் பொறந்தவன் குடுக்கறது செல்லாதாம். அப்பிடியே கவரோட எங்கிட்ட திருப்பிக் குடுத்துட்டாங்க."

பின்னால் அவள் வீட்டு டிவி சத்தம் கேட்டது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"ஊர நீ கேக்கவே இல்லியாடா?"

"இல்லக்கா."

"ஏழு வருசம்டா. அந்த ஊரு மேல அவ்ளோ கோவம் எனக்கு. அம்மா செத்தப்பகூட ஒரு நாள்தான் இருந்தேன். எல்லார் மூஞ்சியும் பாக்கப் புடிக்காம கெளம்பி வந்துட்டேன்."

"அப்பவே எழுதிக் குடுத்திருந்தா ஒனக்குக் கெடச்சிருக்குமாக்கா?"

"அப்பவும் செல்லாதுன்னுதான் சொல்லியிருப்பாங்க."

எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். வந்தது.

"ஆனா நீ குடுத்திருக்கணும்," என்றாள் அக்கா.